தும்மலோடு சேர்ந்த பாட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

வீடு மாறும்போது பழைய பெட்டி ஒன்றில் என் கேசட் கிடைத்தது. 90 நிமிடக் கேசட். பதினேழு வயதில் ரேடியோவிலிருந்து நானே பதிந்தது. அதைப் பார்த்துவிட்டு என் மகன் அதிலுள்ள பாட்டுகளையெல்லாம் தேடி எடுத்து ஃபோனில் போட்டுக் கொடுத்தான். ஒலி அவ்வளவு தெளிவு. ஆனால் எனக்கு ஒட்டவே இல்லை. என் கேசட்டில் முதல் பாட்டின் கடைசி வரியை அறிவிப்பாளரின் குரல் விழுங்கிவிடும். ஃபோனில் அந்த வரி முழுதாக வருகிறது, யாரோ புதிதாக எழுதிச் சேர்த்ததுபோல் இருக்கிறது. அது முடிந்ததும் என் மனம் கேசட்டில் அடுத்து வரும் பாட்டின் வயலினைத் தானே தொடங்கிவிடுகிறது. ஃபோனோ வேறு எதையோ பாடுகிறது. இன்னொன்று, இதைச் சொன்னால் சிரிப்பீர்களோ தெரியவில்லை. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ஒரு சிறு அமைதி உண்டு. அந்த அமைதியில் பாட்டின் முதல் வரி தூரத்தில் கேட்பதுபோல் மிக மெல்லியதாகக் கேட்கும். பிறகுதான் பாட்டே தொடங்கும். அது என் பிரமையாகத்தான் இருக்க வேண்டும்.

"அம்மா, உனக்கு இந்தப் பாட்டு பிடிக்கல, உன்னோட பதினேழு வயசு பிடிச்சிருக்கு. இதுக்குப் பேர்தான் நாஸ்டால்ஜியா" என்றான் மகன். விளையாட்டாகத்தான் சொன்னான், ஆனாலும் சுருக்கென்றது. நான் ரசிப்பது பாட்டையா, அதிலுள்ள கோளாறையா? என் ரசனை அந்த வயதோடு நின்றுவிட்டதா? அந்தக் கேசட்டை இனி என்ன செய்வது?

அன்புடன்,
வ.

அன்புள்ள வ.,

முதலில் அந்தப் பிரமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பிரமையே இல்லை. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

கேசட்டுக்குள் நாடா சுருள் சுருளாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. பாட்டு அதில் காந்தப் பதிவாக இருக்கிறது. பல வருடங்கள் அசையாமல் கிடந்தால் ஒரு சுற்றிலுள்ள காந்தம் தன்மேல் படிந்திருக்கும் அடுத்த சுற்றில் லேசாகத் தடம் பதித்துவிடும். ஈரமான எழுத்து எதிர்ப்பக்கத்தில் ஒற்றிக்கொள்வதுபோல. பாட்டின் முதல் வரி இருக்கும் சுற்றுக்கு முந்தைய சுற்றில் அமைதி மட்டும் இருந்தால், அந்த அமைதியில் இந்தத் தடம் கேட்கும். கேசட் ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். சுருள் பெரிதாக இருக்கும்போது ஒரு சுற்று ஓடி முடிய மூன்று நொடி அளவுக்கு ஆகும், சிறுத்துவிட்டால் இரண்டு நொடிக்கும் குறைவு. அவ்வளவு நேரம் முன்னதாகத்தான் அந்த மெல்லிய வரி உங்களுக்குக் கேட்கிறது. 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டின் நாடாவைவிட மெல்லியது என்பதால் அதில் இது இன்னும் எளிதாக நடக்கும்.

இத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்தபோது உங்கள் பாட்டு தன்னைத்தானே முன்னறிவித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்ததும் எழுந்து போய் என்னிடமிருக்கும் பழைய கேசட்டுகளில் ஒன்றை எடுத்துப் போட்டு, பாட்டுக்கு முந்தைய அமைதியில் காதை வைத்துக் கேட்டேன். இருந்தது.

சரி, பாட்டா கோளாறா என்ற கேள்விக்கு வருகிறேன். என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை, பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. காரணம் என் அண்ணனின் ஒரு தும்மல்.

எங்கள் வீட்டில் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் தனித்தனி. இரண்டையும் இணைக்க ஒயர் கிடையாது. அதனால் டேப் ரெக்கார்டரின் மைக் ரேடியோவின் ஸ்பீக்கரைப் பார்க்கும்படி இரண்டையும் எதிரெதிரே உட்காரவைப்போம். பிடித்த பாட்டு அறிவிக்கப்பட்டதும் ரெக்கார்ட் பட்டனையும் பிளே பட்டனையும் ஒன்றாக அழுத்த வேண்டும். அந்த 'டக்' சத்தமும் பதிவாகிவிடும். அதன்பிறகு பாட்டு முடியும்வரை வீட்டில் யாரும் நாற்காலியை நகர்த்தக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது, பேசக்கூடாது. ஒரு நாள் இரண்டாவது சரணம் தொடங்கியபோது அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டான். முகம் சிவந்தது. கண்ணில் நீர் வந்தது. சரணத்தின் மூன்றாவது வரியில் தும்மிவிட்டான். நான் அன்றைக்கு அவனோடு பேசவில்லை.

அந்தப் பாட்டை அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில், பேருந்தில், நல்ல ஸ்பீக்கரில், மேடையில் நேரடியாகவும். எங்கே கேட்டாலும் இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரி நெருங்கும்போது என் உடம்பு ஒரு கணம் காத்திருக்கிறது. தும்மல் வராதபோது அங்கே ஒரு படி குறைந்ததுபோல் கால் தடுக்குகிறது.

உங்களுக்கு அடுத்த பாட்டின் வயலின் தானாகத் தொடங்குவதும் இதே கதைதான். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களை, வரிசையோடு நன்றாகப் பழகிய இசைத்தட்டின் பாட்டுகளைக் கேட்கச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின்வந்த அமைதியில் மூளையைப் படம்பிடித்தார்கள். ஒலியே இல்லாத அந்த இடைவெளியில் மூளையின் முன்பகுதியும், அசைவைத் திட்டமிடும் பகுதியும் வேலை செய்துகொண்டிருந்தன. வரப்போகும் பாட்டுக்கான ஆயத்தம் அது. பழக்கமில்லாத இசைக்குப் பின்வந்த அமைதியில் அப்படி இல்லை. நம் தலைக்குள் பாட்டுகள் தனித்தனி மணிகளாக இல்லை, கோத்த மாலையாக இருக்கின்றன. உங்கள் மாலையைக் கோத்தது அந்த வருடத்து ரேடியோவும், பட்டனை அழுத்திய உங்கள் விரலும். அந்த வரிசையில் அந்தப் பாட்டுகள் உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது. ஆகவே ஃபோனில் உள்ளதைக் கேட்டு 'இது என் பாட்டு இல்லை' என்று நீங்கள் உணர்ந்தது மிகச் சரியான ரசனை என்பேன்.

ஒலித்தரத்தில் மட்டும் மகன் ஃபோனில் போட்டுத் தந்ததுதான் மேல் என்பதை மறுக்காதீர்கள். அதில் அவர் பக்கம்தான் உண்மை. கேசட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் லூ ஆட்டன்ஸ். கோட்டுப் பையில் எந்த அளவு அடங்கும் என்று பார்க்க ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் போட்டுப் பார்த்தவர். 1963இல் பெர்லின் கண்காட்சியில் கேசட் அறிமுகமானது. அவரே பிறகு சிடி உருவானதிலும் பங்கெடுத்தார், ஒலிக்கு சிடிதான் மேல் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 2021இல் 94 வயதில் காலமானார். கேசட்டைச் செய்தவருக்கே அதன்மேல் மயக்கம் இல்லை. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் "உனக்குப் பதினேழு வயசுதான் பிடிச்சிருக்கு" என்றாரே, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக வந்து விழுகின்றன. பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். 1989இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், மனிதர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் பாட்டுகள் சராசரியாக அவர்களுடைய இருபத்துநாலு வயதையொட்டி வந்தவை என்று தெரிந்தது. உங்கள் மகனுக்கும் அந்த வயது வரும், அல்லது இப்போதே நடந்துகொண்டிருக்கும். இன்று அவர் காதில் மாட்டிக்கொண்டு திரியும் பாட்டுகளில் சில அவரை விடப்போவதில்லை.

அந்த வயதில்தான் முதன்முதலாக ஒன்றை 'இது எனக்குப் பிடிக்கும்' என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம். அதற்குமுன் கேட்டதெல்லாம் பெரியவர்கள் போட்டது. அண்ணன் போட்டது, அத்தை முணுமுணுத்தது. பதினேழு வயதில் நீங்கள் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பாட்டு வேண்டும் இது வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். பிடிக்காத பாட்டு வந்தபோது பட்டனை அழுத்தாமல் இருந்தீர்கள். அந்தப் பெண்ணின் தீர்ப்பு அந்த நாடாவில் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நாஸ்டால்ஜியா என்ற சொல்லை மகன் எடுத்து வீசினாரே, அது ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. 1688இல் பாசல் நகரத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். ஊரைவிட்டுத் தொலைவில் வேலை பார்த்த சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஏக்கத்தால் உண்ணாமல் உறங்காமல் மெலிவதற்குப் பெயர் தேவைப்பட்டது. இன்றைக்கு உளவியலாளர்கள் அதை நோயாகப் பார்ப்பதில்லை. தனிமையாக உணரும்போது மனம் தனக்குத்தானே தேடிக்கொள்ளும் ஒரு துணையாகத்தான் பார்க்கிறார்கள். மகனிடம் இதைச் சொல்லுங்கள், வாதத்துக்காக இல்லாமல் சும்மா சொல்லுங்கள்.

ரசனை நின்றுவிட்டதா என்பதை ஒரு பழைய கேசட்டை வைத்துச் சொல்ல முடியாது. போன மாதமோ போன வருடமோ புதிதாக ஒன்று, பாட்டாகவோ ஒரு செடியாகவோ ஒரு மனிதரின் பேச்சாகவோ, உங்களை நின்று கவனிக்க வைத்திருந்தால் போதும். உங்கள் கடிதம் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், கேசட்டை என்ன செய்வது. இதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது. சீக்கிரம் பிரதி எடுத்துவிடுங்கள். முதல் வேலையாக, நாடா தெரியும் விளிம்புக்கு நேர் எதிர் விளிம்பில் இரண்டு ஓரங்களிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். இனி யாராவது தவறி ரெக்கார்ட் பட்டனைத் தொட்டாலும் அழியாது. உள்ளே நாடாவை ஹெட்டோடு, அதாவது டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் முனையோடு, சேர்த்து அழுத்தும் சிறு கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். பல வருடம் அசையாத நாடாவை எடுத்த எடுப்பில் ஓட்டக்கூடாது. ஒருமுறை கடைசிவரை முன்னால் ஓட்டி, திரும்ப ரிவைண்ட் செய்து, சுருளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தளர்ந்து தொங்கினால் அறுகோணப் பென்சில்தான் இன்றைக்கும் நல்ல கருவி. கேசட்டின் சக்கரத்துக்குள் ஆறு பற்கள் உண்டு, பென்சில் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறும், அது மற்றக் கேசட்டுகளிலிருந்து உதிர்ந்தது.

பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் பதிந்த கருவியின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்திருக்கும். நாடா அந்தச் சாய்வை அப்படியே வைத்திருக்கிறது. இப்போது ஓட்டும் கருவியில் ஹெட் பக்கத்தில் உள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பினால் ஓர் இடத்தில் 'ஸ' 'ச' ஒலிகள் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

கணினியில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருள்களை முதல் பிரதியில் கைவைக்க விடாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். நாடாவின் 'ஸ்ஸ்' போனது, அதோடு அண்ணனின் தும்மலும் தலையணையில் அமுங்கினதுபோல் ஆகிவிட்டது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பதிந்தேன். அண்ணன் இப்போது தொலைவில் இருக்கிறான். பேசும்போது சில சமயம் "அதைப் போடு" என்பான். ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைப்பேன். மூன்றாவது வரி வரும்வரை இரண்டு பேரும் பேசமாட்டோம்.

ஒன்று மறந்துவிட்டேன். இந்தப் பிரதி எடுக்கும் வேலையில் குறுக்கு வழி கிடையாது. 90 நிமிடக் கேசட்டைப் பதிய 90 நிமிடம் ஆகும், யாராவது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதை உங்கள் மகனிடம் கொடுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள். விழுங்கப்பட்ட கடைசி வரி, அடுத்த வயலின், மூன்றாவது பாட்டுக்கு முன்னால் தூரத்தில் கேட்கும் அந்தக் குரல் எல்லாம் வரட்டும். 45ஆவது நிமிடத்தில் முதல் பக்கம் தீர்ந்து பட்டன் தானாகத் துள்ளி எழும்போது, கேசட்டை எடுத்துப் புரட்டிப் போட அவரையே விடுங்கள்.

அன்புடன்.