வெளிநாட்டில் உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவது? (கேள்வி பதில்)

நான் நர்ஸ். சில வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். அப்புறம் ஒன்பது வருஷம் ஒரு பயணக் காப்பீட்டு உதவி மையத்தில் இரவு ஷிஃப்ட். வெளிநாட்டில் உடம்புக்கு முடியாமல் போனவர்கள் கூப்பிட்டால் போனை எடுத்து வழி சொல்வது என் வேலை. மாரடைப்பு, விபத்து என்று வந்த அழைப்புகள் குறைவு. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தொண்டை வலி, காது வலி, நீர்க்கடுப்பு, இவைதான் விடிய விடிய வரும். என்ன மருந்து என்று தெரியாமல் தவித்தவர்களைவிட, யாரிடம் போவது என்று தெரியாமல் ஓட்டல் அறையிலேயே சுருண்டு கிடந்தவர்கள்தான் அதிகம். அதை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், மொழி தெரியாத நாட்டில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா?

வேண்டாம். நடமாட முடிகிறது, தண்ணீர் இறங்குகிறது, மூச்சு சரியாக இருக்கிறது என்றால் முதலில் மருந்துக்கடைக்குப் போங்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் பச்சைச் சிலுவை விளக்கு எரியும். ஜெர்மனியில் சிவப்பு நிறத்தில் ‘ஏ’ எழுத்து இருக்கும். உள்ளே நிற்பவர் படித்த ஃபார்மசிஸ்ட். உங்கள் தொந்தரவைக் கேட்டு, மருந்துச்சீட்டு இல்லாமல் தரக்கூடியதைத் தருவார். அதைவிட முக்கியம், ‘இது டாக்டர் பார்க்க வேண்டியது’ என்றால் அதையும் சொல்லி, பக்கத்தில் எந்த கிளினிக் திறந்திருக்கிறது என்றும் காட்டுவார். இரவில் கடை பூட்டியிருந்தாலும் திரும்பிவிடாதீர்கள். ஜெர்மனியில் அன்று இரவு எந்தக் கடை திறந்திருக்கும் என்று ஒவ்வொரு மருந்துக்கடை வாசலிலும் ஒட்டியிருப்பார்கள்.

மருந்துக்கடையில் தீராவிட்டால் அடுத்தது கிளினிக். அமெரிக்காவில் ‘அர்ஜென்ட் கேர்’ என்று பலகை இருக்கும் இடங்களில் அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே பார்ப்பார்கள். ஜப்பானில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் தனியாகக் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். சின்ன கிளினிக்கில் தொடங்குவதுதான் அங்கே வழக்கம். எமர்ஜென்சி வார்டில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, ஆபத்தின் வரிசைப்படி பார்ப்பார்கள். தொண்டை வலியோடு போய் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்.

கேள்வி: அப்படியானால் எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்? எந்த நம்பர்?

மூச்சுத் திணறல், நெஞ்சு அழுத்தம், வலிப்பு, பேச்சு குழறல், ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போவது, நிற்காத ரத்தம், எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. இதில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடை, கிளினிக் எதுவும் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. அமெரிக்கா, கனடா 911. பிரிட்டன் 999. ஆஸ்திரேலியா 000. ஜப்பான், தென்கொரியா 119. சிங்கப்பூர் 995. தாய்லாந்து 1669. அவசரம் இல்லை, ஆனால் காலைவரை தாங்காது என்கிற நிலைக்கும் சில நாடுகளில் தனி நம்பர் உண்டு: இங்கிலாந்தில் 111, ஜெர்மனியில் 116117. போகும் நாட்டின் நம்பரை விமானம் ஏறும் முன்பே போனில் பதிந்து வையுங்கள்.

இன்னொன்று. முதலில் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், நோயை அப்புறம் சொல்லலாம். ஒரு இரவு ஒருவர் என்னைக் கூப்பிட்டு, மனைவிக்கு எப்போது வாந்தி தொடங்கியது, முதல் நாள் எங்கே சாப்பிட்டார்கள் என்று பதற்றத்தோடு சொல்லிக்கொண்டே போனார். ஓட்டல் பெயரை நான் கேட்டு வாங்குவதற்குள் லைன் கட் ஆகிவிட்டது. மறுபடி பேச 20 நிமிஷம் ஆனது. அந்த 20 நிமிஷமும் நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஓட்டல் ரிசப்ஷனில் முகவரி அட்டை கிடைக்கும். வந்த அன்றே ஒன்றை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன பயணத்தில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கையில் இருந்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டேன். சரிதானா?

பெரும்பாலான பயண வயிற்றுப்போக்கு சில நாளில் தானாக அடங்கிவிடும். அதுவரை உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் வேண்டியதில்லை. தென்னாசியா, தென்கிழக்காசியாவில் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற பழைய மாத்திரைகளுக்குப் பல கிருமிகள் அடங்குவதும் இல்லை. அடுத்த பயணத்துக்கு ஒன்று கையில் வேண்டுமென்றால், எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லி உங்கள் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.

குறைந்தது நான்கு ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டாவது பெட்டியில் போடுங்கள். இதைக் கரைப்பதில்தான் தப்பு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் குடித்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன். உப்பு அவ்வளவு கெட்டியாக உள்ளே போனால் போக்கு அதிகமாகும், குழந்தைக்கென்றால் ஆபத்து. பாக்கெட்டில் 200 மில்லியா, ஒரு லிட்டரா என்று பார்த்து, அளவுக் கோடு உள்ள தண்ணீர் பாட்டிலில் கரையுங்கள். மடமடவென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி தொடங்குங்கள்.

போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையைப் பஸ்ஸிலோ விமானத்திலோ ஏற வேண்டியிருந்தால் பெரியவர்கள் போட்டுக்கொள்ளலாம். மலத்தில் ரத்தம் இருந்தாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ கூடாது. சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது.

ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மூன்று நாளாகியும் குறையாதது: இவற்றில் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணி, வயதானவர், சிறுநீரக நோயாளி என்றால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

கேள்வி: பாக்கெட் கிடைக்காத இடமாக இருந்தால்?

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடுவதைவிடக் குறைவது மேல். பாக்கெட் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுங்கள், ஏனென்றால் இதில் பொட்டாசியம் கிடையாது.

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் கடை கடையாகப் பாராசிட்டமால் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். எப்படி?

அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென். ஜப்பானிலும் கனடாவிலும் அப்படித்தான். ஆஸ்துமாக்காரர்களின் சால்பியூட்டமால் அமெரிக்காவில் ஆல்பியூட்டரால். கம்பெனி வைத்த பெயரை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் எல்லை தாண்டியதும் அது உதவாது. மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வையுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சளிக்கு என்று விற்கும் பல கூட்டு மாத்திரைகளில் இதே பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, இரவில் தூங்க ஒன்று என்று மூன்று டப்பா வாங்கினால் மூன்றிலும் அதுவே இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரலைப் பாதிக்கும். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள். படிக்க முடியாத எழுத்தாக இருந்தால் ஃபார்மசிஸ்ட்டிடம் மூன்று டப்பாவையும் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள்.

டெங்கு உள்ள ஊரில் காய்ச்சல் என்றால் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம். ரத்தக்கசிவு ஆபத்து கூடும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மோசமான நேரம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சூடு குறைந்த பிறகு கடும் வயிற்று வலியோ விடாத வாந்தியோ வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: நான் தினசரி எடுக்கும் மாத்திரைகளை எடுத்துப்போவதில் சிக்கல் வருமா?

வரலாம். ஒரு நாட்டில் சாதாரண இருமல் மருந்து, இன்னொரு நாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். ஜப்பானில், மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை எடுத்துப்போகக் கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு மேற்பட்டதென்றால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன், டிராமடால் போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவை. மாத்திரைகளைக் கம்பெனி அட்டையோடும் டப்பாவோடும், டாக்டர் கடிதத்தோடும், கைப்பையில் கொண்டுபோங்கள். பிரித்துச் சின்ன டப்பியில் போட்டால் அது என்ன மருந்தென்று யாருக்கும் தெரியாது. இன்சுலினை லக்கேஜில் அனுப்பவே கூடாது, சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்து வீணாகிவிடலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை உண்டு. ஆஸ்திரேலியாவில் கிளினிக்கில் பார்த்தால் 9 என்று காட்டியது. பயந்துபோய்விட்டேன்.

அது வேறு அலகு (மில்லிமோல்). 18-ஆல் பெருக்குங்கள், நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 162 வரும்.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே ஆஸ்பத்திரிதான். வேறு யோசனையே வேண்டாம்.

பெரிய குழந்தை என்றால் சூட்டைவிட முகத்தைப் பாருங்கள். காய்ச்சல் இறங்கிய நேரத்தில் சிரிக்கிறதா, விளையாடுகிறதா? அப்படியானால் வீட்டில் செய்வது போலவே பார்த்துக்கொள்ளலாம். சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் தோலில் தெரிந்தாலோ உடனே காட்டுங்கள்.

சிரப் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம். பிரிட்டனில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம். அமெரிக்காவில் அதே 5 மில்லியில் 160. வேறு இடங்களில் 250 உள்ள சிரப்பும் உண்டு. ‘எப்போதும் 5 மில்லி கொடுப்போம்’ என்ற கணக்கு அங்கே செல்லாது. குழந்தையின் எடையை எழுதிக்கொண்டு போய், அந்தக் கடையில் அந்த பாட்டிலுக்கு எத்தனை மில்லி என்று கேட்டு, சிரிஞ்சில் கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயணத்தில் அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சிஸ்டர்.

பெண் டாக்டர் வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்காகத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் முதுகின் ஒரு பக்கம் வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும்.

கேள்வி: மொழியே புரியாத இடத்தில் டாக்டரிடம் எப்படிப் பேசுவது?

ஒரு தாளில் ஆங்கிலத்திலும் அந்த நாட்டு மொழியிலும் இதை முன்பே எழுதி வையுங்கள்: ஒவ்வாமை, இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து. போன் மொழிபெயர்ப்பில் பேசினால் வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். ‘வயிறு ஒரு மாதிரி பண்ணுகிறது’ என்றால் அது என்னவாக மாறுமோ தெரியாது. ‘வயிற்றில் வலி. வலது பக்கம் கீழே. நேற்று இரவிலிருந்து’ என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற அரசு எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலும் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அவர்களாகத் தரும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் இருந்தும், கார்டு தேய்த்த ரசீதை அனுப்பியும் எனக்குப் பணம் வரவில்லை. எங்கே தப்பு?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கார்டு தேய்த்த ரசீது மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். கிளெய்முக்கு அது போதாது. எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய பில், நோயின் பெயர் எழுதிய டாக்டர் அறிக்கை, மருந்துச்சீட்டு, கட்டிய ரசீது நான்கும் வேண்டும். கவுன்டரை விட்டு வருவதற்குள் வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியபின் கேட்டுப் பெறுவது பெரும்பாடு.

அட்மிட் ஆகப்போகிறீர்கள் என்றால் முதலில் பாலிசியில் உள்ள உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். உயிருக்கு அவசரம் என்றால் சிகிச்சை முதலில், போன் அப்புறம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தைப் பாலிசி எடுக்கும்போது மறைத்தவர்களுக்குத்தான் அதிகமாகக் கைவிரிப்பார்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருந்து அதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாக இருந்திருக்கிறது, தயவுசெய்து மறைக்காதீர்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு குறைந்தபட்சத் தொகை. அது எல்லா நாட்டுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: இன்சூரன்ஸே இல்லாமல் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டால் கதவைச் சாத்திவிடுவார்களா?

மாட்டார்கள். 1986-ல் வந்த சட்டப்படி, எமர்ஜென்சி பிரிவு உள்ள ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரிகளும் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும். இலவசம் என்று அர்த்தமில்லை, பில் பின்னால் வரும். அதனால் தொண்டை வலிக்கு அங்கே போகாதீர்கள், நெஞ்சு வலிக்குப் போகாமல் இருக்காதீர்கள். இங்கிலாந்தில் எமர்ஜென்சி பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. வார்டில் அட்மிட் ஆனதும் கட்டணம் தொடங்கும்.

கேள்வி: திரும்பி வந்து மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். மலேரியா உள்ள நாட்டுக்குப் போயிருந்தால், தடுப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும், இன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடுமையான வகை பெரும்பாலும் திரும்பிய மூன்று மாதத்துக்குள் வரும். சில வகைகள் ஒரு வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நாடு, எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.