600 கருவி வரை ஓடும் எர்லாங் சர்வர் 900-இல் ஏன் விழுகிறது?

கேள்வி இதுதான்: குளிர்பதனக் கிடங்குகளில் இருக்கும் வெப்பநிலைக் கருவிகள் நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்புகின்றன. சர்வர் எழுதப்பட்டிருப்பது எர்லாங் என்ற நிரல்மொழியில். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி எர்லாங் ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு குட்டி நிரல். எல்லாமே ஒரே ஜென்_சர்வரை (மற்றவை கேட்பதை வரிசையாக ஒவ்வொன்றாகச் செய்துகொடுக்கும் ப்ராசஸ்) கூப்பிட்டு டேட்டாபேஸில் பதிகின்றன. 600 கருவி வரை ஒரு குறையும் இல்லை. 900 ஆனதும் டைம்அவுட் ஆகி (காத்திருக்கும் கெடு முடிந்து) இணைப்புகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. சிபியு 15 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. டைம்அவுட்டை இன்ஃபினிட்டி, அதாவது கெடுவே இல்லை, என்று மாற்றிவிடலாமா? கூடவே, கருவிகளின் பெயரை ஆட்டமாக (எர்லாங்கில் பெயர்களைக் குறிக்கும் ஒரு தரவு வகை) மாற்றி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இன்ஃபினிட்டி. வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஜென்_சர்வரை "கால்" போட்டுக் கூப்பிட்டால், நீங்கள் வேறு எதுவும் சொல்லாத வரை, பதிலுக்காக 5000 மில்லிவினாடி காத்திருக்கும். அத்தனை கருவியும் ஒன்றாக வருகின்றன என்று வைத்துக்கொண்டு (காரணம் கீழே) 5000-ஐ 600-ஆல் வகுத்தால் எட்டு சொச்சம். ஆக, உங்கள் சர்வர் ஒரு பதிவுக்கு ஏறக்குறைய 8 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது என்று அடித்துச் சொல்வேன். டேட்டாபேஸுக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. அந்த நேரத்தில் சர்வர் ப்ராசஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் சிபியு தூங்குகிறது.

நிமிடத்துக்கு 900 தானே, வினாடிக்கு 15 தானே ஆகிறது என்று நினைப்பீர்கள். கருவிகள் எல்லாம் கடிகாரத்தை நெட்வொர்க்கிலிருந்து சரிசெய்துகொள்பவையாக இருந்தால், நிமிடம் பிறந்த அதே வினாடியில் அத்தனையும் ஒன்றாக வந்து விழும். 900 மெசேஜும் ஒரே மூச்சில் ஜென்_சர்வரின் மெயில்பாக்ஸுக்குள், அதாவது வரும் மெசேஜ்கள் காத்திருக்கும் வரிசைக்குள். மீதி 50 சொச்சம் வினாடி ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். சராசரியை மட்டும் பார்க்கிற எந்த வரைபடத்திலும் இது தெரியாது.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஐந்து வினாடியில் 625 பேருக்குப் பதில் போய்விடும். மீதி 275 பேர் ஒரே நொடியில் டைம்அவுட் ஆகிச் சாவார்கள். ஆனால் அவர்கள் போட்டுவிட்டுப் போன மெசேஜ்கள் சாகாது! அவை மெயில்பாக்ஸிலேயே கிடக்கும். கருவிகள் மறுபடி இணைந்து அதே தகவலைத் திரும்ப அனுப்பும். சர்வருக்கு யார் உயிரோடு இருக்கிறார், யார் போய்விட்டார் என்று தெரியாது. வந்த வரிசைப்படி, செத்த 275 பேருக்கும் சிரத்தையாக டேட்டாபேஸில் எழுதிப் பதிலும் அனுப்பிவிட்டுத்தான் உயிரோடு இருப்பவர்களிடம் வரும். அதாவது 550 பேர் வரிசை, 4.4 வினாடி. இந்த முறை தப்பித்துவிடுவார்கள். நான் சொல்வது சரியா என்று பார்க்க உங்கள் டேபிளைத் திறந்து பாருங்கள்: முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான கருவிகளுக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு பதிவு விழுந்திருக்கும்.

இதே 1500 கருவி ஆனால் என்ன ஆகும்? 875 பேர் சாவார்கள், அதே 875 பேர் திரும்ப வருவார்கள். அடுத்த ஐந்து வினாடியில் சர்வரால் முடிக்க முடிந்த 625-ம் முழுக்க முழுக்கச் செத்தவர்களுடைய மெசேஜ்கள். ஓயாமல் வேலை செய்யும், ஒரு கருவிக்குக்கூடப் பதில் போய்ச் சேராது. ஐந்து வினாடிக்கு 625 குறையும், 875 கூடும். தானாக மீளவே மீளாது. சர்வரை நிறுத்தி ஏற்றினால் ஒரு நிமிடம் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் பழைய கதை.

எர்லாங்கில் லட்சக்கணக்கில் ப்ராசஸ் ஓடும் என்பது பொய் இல்லை. புதிதாகப் பிறக்கும் ப்ராசஸுக்குக் கிடைக்கும் ஹீப், அதாவது சொந்த நினைவகம், வெறும் 233 வேர்டு என்ற சின்ன அளவுதான். 2012-லேயே வாட்ஸ்அப் ஒரே கணினியில் 20 லட்சம் இணைப்பைத் தாங்கிக் காட்டியது. ஆனால் ஒரு ப்ராசஸ் என்பது ஒரு கவுண்டர். அதற்குள் ஒரு சமயத்தில் ஒரு மெசேஜ்தான். கல்யாண மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மொய் எழுத ஒரே ஆள் உட்கார்ந்தால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கத்தான் செய்யும்.

இன்ஃபினிட்டி வைத்தால் அந்த வரிசை மறையாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். கருவி தன் பக்கம் பொறுமை இழந்து இணைப்பைத் துண்டித்திருக்கும். அதன் ப்ராசஸ் உங்கள் பக்கம் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று: இரண்டு ஜென்_சர்வர்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு மாட்டிக்கொண்டால் ஐந்து வினாடியில் வெடித்து லாகில் தடயம் விட்டுப்போகும். இன்ஃபினிட்டியில் அது சத்தமில்லாமல் உறைந்து நிற்கும். இன்ஃபினிட்டியே தப்பு என்று சொல்லமாட்டேன். கூப்பிடப்பட்ட சர்வர் செத்தால் "கால்" எப்படியும் முறிந்துவிடும், அதனால் கீழ்மட்டத்தில் வேறு ஒரு டைம்அவுட் ஒழுங்காக இருக்கிற இடத்தில் நானே வைக்கிறேன். உங்கள் இடம் அது இல்லை.

அடுத்து உங்களுக்குத் தோன்றப்போவது "காஸ்ட்". பதிலுக்கே காத்திருக்காமல் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடலாமே? எனக்கும் தோன்றியது. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் பேருந்துகளின் இருப்பிடத்தைப் பதிகிற சர்வர் என் கையில் இருந்தது. இதே டைம்அவுட் தொல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை "கால்" என்று இருந்ததையெல்லாம் "காஸ்ட்" ஆக்கினேன். டைம்அவுட் பூஜ்யம். டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம்.

திங்கள் அதிகாலை இரண்டு மணிக்குப் போன் வந்தது. மெமரி முழுவதையும் தின்றுவிட்டதால் லினக்ஸ் எங்கள் சர்வரையே கொன்றிருந்தது. ஏற்றினேன், ரிமோட் ஷெல்லில் நுழைந்து ப்ராசஸ்_இன்ஃபோவில் மெசேஜ்_க்யூ_லென் (மெயில்பாக்ஸில் காத்திருக்கும் மெசேஜ்களின் எண்ணிக்கை) கேட்டேன். நாற்பதாயிரம் சொச்சம். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்டேன், ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. "கால்" இருந்தவரை பதில் வராமல் அடுத்த மெசேஜ் போகாது. அனுப்புகிறவனின் கையைப் பிடித்து நிறுத்திய ஒரே கயிறு அதுதான். அதை நானே அறுத்துவிட்டிருந்தேன்.

ஆனால் வேகம் ஏன் மேலும் மேலும் குறைந்தது என்பதுதான் என்னைக் குழப்பியது. காலையில்தான் பிடிபட்டது. டேட்டாபேஸின் பதிலை எடுக்க, சர்வருக்குள்ளேயே கையால் ஒரு ரிசீவ் (மெயில்பாக்ஸிலிருந்து மெசேஜை எடுக்கும் கட்டளை) எழுதி வைத்திருந்தேன். ரிசீவ் குறிப்பிட்ட வடிவம் கொண்ட மெசேஜைத் தேடும்போது மெயில்பாக்ஸின் பழைய முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். எனக்கு வேண்டிய பதில் கடைசியில் வந்து விழுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு லட்சம் மெசேஜையும் தாண்டித்தான் அதைத் தொட வேண்டும். வரிசை நீள நீள வேலை மெதுவாகும், வேலை மெதுவாக ஆக வரிசை நீளும். போதாததற்கு, மெயில்பாக்ஸில் கிடப்பவை அந்தப் ப்ராசஸின் ஹீப் கணக்கிலும் சேருவதால், வேண்டாத நினைவகத்தைக் கூட்டித் தள்ளும் கார்பேஜ் கலெக்‌ஷனும் ஒவ்வொரு தடவையும் அவற்றைச் சுமந்தது.

ஜென்_சர்வரின் "கால்" இந்தக் குழியில் விழாது. அது புதிதாக ஒரு ரெஃபரன்ஸ் (வேறெதற்கும் வராத ஓர் அடையாளம்) உருவாக்கி அதோடுதான் பதிலை எதிர்பார்க்கும். அந்த ரெஃபரன்ஸ் பிறப்பதற்கு முன் வந்த மெசேஜ்களில் அது இருக்கவே முடியாது என்று தெரிந்து பீம் (எர்லாங் நிரல்களை ஓட்டும் இயந்திரம்) அவற்றைத் தாண்டிப் போய்விடும். ஆகவே ஜென்_சர்வருக்குள் கையால் ரிசீவ் எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

சரி, எதைச் செய்வது? முதலில் என் ஊகத்தை நம்பாமல் நீங்களே பாருங்கள். ரீகான் நூலகத்தைச் சேர்த்து, ப்ராக்_கவுண்ட்டுக்கு மெசேஜ்_க்யூ_லென், 5 என்று கொடுத்தால் வரிசை நீண்டிருக்கும் முதல் ஐந்து ப்ராசஸைச் சொல்லும். நிமிடம் பிறந்து இரண்டாவது வினாடியில் ஓட்டுங்கள், நாற்பதாவது வினாடியில் ஓட்டினால் எல்லாம் பூஜ்யம் என்று காட்டி ஏமாற்றும். மாட்டிய ப்ராசஸின் கரன்ட்_ஸ்டாக்ட்ரேஸைக் கேட்டால் எந்த வரியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

டேட்டாபேஸில்தான் நிற்கிறது என்றால், அந்த வேலைக்கு நடுவில் ஒரு ஜென்_சர்வர் எதற்கு என்று யோசியுங்கள். பொதுவான நிலை எதையும் அது காக்கவில்லை, வாங்கி அந்தப் பக்கம் தள்ளுகிறது. பிற மொழிகளிலிருந்து வருகிறவர்கள் கிளாஸ் எழுதுகிற இடத்தில் எல்லாம் ஜென்_சர்வர் எழுதுவார்கள், நானும் எழுதினேன். அதை எடுத்துவிட்டு, டேட்டாபேஸுக்கு 20 இணைப்புகளைத் தயாராக வைத்திருக்கும் ஒரு பூல் வையுங்கள். ஒவ்வொரு கருவியின் ப்ராசஸும் அதிலிருந்து ஓர் இணைப்பை வாங்கித் தானே எழுதிவிட்டுத் திருப்பித் தரட்டும். டேட்டாபேஸ் தாங்கினால் 900 பதிவுக்கு அரை வினாடிகூட ஆகாது. படிக்க மட்டும் வேண்டிய விஷயம், உதாரணமாக எந்தக் கருவி எந்தக் கிடங்கில் இருக்கிறது என்ற பட்டியல், ஈடிஎஸ் டேபிளில் (எர்லாங் நினைவகத்திலேயே வைக்கும் பொது அட்டவணை) இருக்கட்டும். யாரையும் கேட்காமல் எல்லாப் ப்ராசஸும் நேரடியாகப் படிக்கலாம்.

ஒரே ஆள்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இருந்தால் கூட்டமாக எழுதுங்கள். ஹேண்டில்_காலில் ("கால்" வந்தால் ஓடும் பகுதி) உடனே பதில் சொல்லாமல் நோரிப்ளை என்று திருப்பி, ஃப்ரம் என்று வருவதை (யார் கேட்டார் என்ற விலாசம்) பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 200 சேர்ந்ததும், அல்லது 100 மில்லிவினாடி ஆனதும், எது முந்துகிறதோ அப்போது ஒரே இன்சர்ட்டாக எழுதிவிட்டு எல்லோருக்கும் ஜென்_சர்வர் ரிப்ளை அனுப்புங்கள். பேருந்து சர்வரைக் கடைசியில் இப்படித்தான் மீட்டேன். "கால்" திரும்பி வந்ததால் கயிறும் திரும்பி வந்தது.

இதற்கும் மேல் கூட்டம் வந்தால்? மறுத்துவிடுங்கள். உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்து, 500 தாண்டினால் "பிஸி" என்று உடனே திருப்பி அனுப்புங்கள். கருவி அரை நிமிடம் கழித்து வரட்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எரிக்சன் ஆய்வகத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் மற்றவர்களும் 1986 வாக்கில் இந்த மொழியைத் தொடங்கியதே தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக. பிஸி டோன் என்பது எக்ஸ்சேஞ்சுகளின் பரம்பரைச் சொத்து. மொழிக்குப் பெயர் தந்த டென்மார்க் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்துகொண்டு 1917-இல் வெளியிட்ட சூத்திரங்களும் இதே விஷயந்தான்: லைன் கிடைக்காத அழைப்பைத் துண்டித்தால் எத்தனை போகும், காக்கவைத்தால் எவ்வளவு நேரம் காக்கும். அவர் பெயரை வைத்த மொழியில் வரிசையைக் கவனிக்காமல் விட்டு மாட்டினோம் என்பது எனக்கு இன்றும் கொஞ்சம் வெட்கந்தான்.

கருவியின் ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) உங்கள் கையில் இருந்தால், ஒவ்வொன்றும் 0 முதல் 59 வினாடி வரை ஒரு ராண்டம் தாமதம் வைத்து அனுப்பும்படி மாற்றுங்கள். மேலே சொன்ன எதையும் செய்யாமலே 900 கருவி ஓடிவிடும். ஆனால் மின்சாரம் போய்த் திரும்பும்போது அந்தத் தாமதத்தை மதிக்காமல் எல்லாம் ஒன்றாகத்தான் வந்து நிற்கும், அதனால் இதை மட்டும் நம்பவேண்டாம்.

டைம்அவுட்டைப் பிடித்து உயிரோடு தொடர்வதாக எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கை: ஓடிபி (எர்லாங்கோடு வரும் நூலகத் தொகுப்பு) 24-க்கு முந்தைய பதிப்பில், தாமதமாக வரும் பதில் உங்கள் மெயில்பாக்ஸில் அநாதையாக வந்து விழும். அதை ஹேண்டில்_இன்ஃபோவில் (மற்ற மெசேஜ்களுக்கான பகுதி) வாங்கித் தூக்கிப் போடவேண்டும். 24 முதல் அந்தத் தொல்லை இல்லை.

ஆட்டம் விஷயம் சின்னது. ஆட்டத்தை கார்பேஜ் கலெக்டர் தொடாது. ஒருமுறை பிறந்தால் பீம் நிற்கும் வரை இருக்கும். வழக்கமான உச்சவரம்பு 10,48,576. அதைத் தொட்டால் ஒரு ப்ராசஸ் மட்டும் சாகாது, மொத்த பீமும் விழும், செத்த ப்ராசஸை மறுபடி எழுப்பும் சூப்பர்வைசரால் ஒன்றும் செய்யமுடியாது. 900 பெயரை ஆட்டமாக்கினால் இன்றைக்கு எதுவும் ஆகாது. ஆனால் வெளியிலிருந்து வரும் எழுத்துகளை லிஸ்ட்_டு_ஆட்டத்தில் நேராகக் கொடுத்தால், ஏதோ ஒரு கருவி கோளாறாகி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குப்பையைப் பெயராக அனுப்பும் நாளில் எல்லாம் போய்விடும். பெயரை பைனரியாகவே (வெறும் பைட்டுகளாக) வைத்து, எந்தப் பெயருக்கு எந்தப் ப்ராசஸ் என்பதை அதே ஈடிஎஸ் டேபிளில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம்தான் வேண்டும் என்றால், ஏற்கனவே இருக்கும் ஆட்டத்தை மட்டும் தரும் லிஸ்ட்_டு_எக்ஸிஸ்டிங்_ஆட்டம். தெரியாத பெயர் வந்தால் அந்த ஓர் இணைப்பு மட்டும் பேட்ஆர்க் (தவறான மதிப்பு) என்று சாகும்.