விடைத்தாளை வைத்துக்கொண்டு எழுதுங்கள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளிகளில் கணிதம் எடுக்கும் நாங்கள் நான்கு பேர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம். பாடம் நடக்கும்போதே பிள்ளைகளின் கற்றலை அறியும் வளரறி மதிப்பீட்டை உருப்படியாகச் செய்வது எப்படி என்று ஆரம்பிக்கும் பேச்சு புலம்பலில் முடிகிறது. இனி எழுதிக்கொண்டு வந்து பேசலாம் என்றிருக்கிறோம். எதை எழுதுவது? இதுவும் இன்னொரு பதிவேடாகிவிடாதா?

பதில்: 'மெல்லக் கற்போருக்குக் கூடுதல் கவனம் தேவை' என்ற ரகத்தில் எழுதினால் நிச்சயம் இன்னொரு பதிவேடாகிவிடும். அதை எந்தப் பள்ளியிலும் எந்த நாளிலும் எழுதலாமே! ஒரே ஒரு கேள்வியையும் அதற்கு வந்த மூன்று விடைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'0.35, 0.5 – எது பெரியது?' என்று கேட்டால் சில பிள்ளைகள் 0.35 என்பார்கள். 35 ஐந்தைவிடப் பெரிதல்லவா? இது நமக்குப் பழகிய தவறு. சரியாக எழுதியவர்களிடம் 'ஏன்?' என்று ஒரு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். 'புள்ளிக்குப் பிறகு இலக்கம் கூடினால் எண் சின்னது' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். அதே பிள்ளைக்கு 0.4, 0.62 கொடுத்தால் 0.4 பெரியது என்று சொல்லும். முதலில் தவறிய பிள்ளையோ 62 பெரிது என்று இதில் தப்பித்துவிடும். இரண்டு பேருக்குமே தசமம் புரியவில்லை. நாம் எந்த எண்களைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்து யாருக்கு மதிப்பெண் என்பது மட்டும் மாறுகிறது.

எழுத வேண்டியது இதைத்தான். கேள்வியைக் கொடுக்கும் முன்பே, பிள்ளைகள் எங்கே, எப்படித் தவறுவார்கள் என்று உங்கள் ஊகத்தை நாலு வரியில் குறித்துவிடுங்கள். விடைகள் வந்தபின் ஊகம் எங்கே பிசகியது என்று எழுதுங்கள். மாதம் ஒரு பக்கம் போதும்.

கூட்டத்துக்குப் பெயர் மறைத்த விடைத்தாள் நகல்களோடு வாருங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். 'இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?' என்று மற்ற மூவரும் தனித்தனியாக எழுதட்டும். பாடம் எடுத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் பேசினால் விளக்கம் சொல்லவே நேரம் போய்விடும் (நம்மால் சும்மா இருக்க முடியாது).

இந்தக் கேள்விக்கு மதிப்பெண் போடாதீர்கள். 2012-13இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறிக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த நாற்பதை நிரப்புவதே வேலையாகிவிட்டது. 1988இல் கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் இஸ்ரேலில் நடத்திய ஆய்வில், வெறும் கருத்துரை பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை.

பள்ளியைப் பார்வையிட வரும் ஆசிரியர் பயிற்றுநர் கேட்டால் தாராளமாகக் காட்டுங்கள். 'இதற்கு ஒரு படிவம் போட்டுத் தாருங்கள்' என்று மட்டும் நீங்களாகப் போய்க் கேட்டுவிடாதீர்கள்.