பெட்டா மீனின் வயிறு உப்பி, மூலையிலேயே ஒதுங்கிக் கிடக்கிறது, என்ன செய்வது?

முதலில் மீனை மேலிருந்து பாருங்கள். செதில்கள் உடலோடு படிந்து, வயிறு மட்டும் புடைத்திருந்தால் பெரும்பாலும் மலச்சிக்கல்தான். செதில்கள் சிலிர்த்து நின்றால் உடலில் நீர் கோத்திருக்கிறது. அது உள்ளுறுப்புக் கோளாறின் அறிகுறி. நாள் கடத்தாமல் மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலச்சிக்கலுக்குப் பட்டினியே மருந்து. இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் தாங்கும். பிறகு டாஃப்னியா என்னும் சின்னஞ்சிறு நீர்த்தெள்ளைக் கொடுங்கள், அதன் ஓடு குடலை இளக்கும். வேகவைத்த பட்டாணியைப் பலர் சொல்வார்கள். பூச்சி தின்னும் மீனுக்கு அது எதற்கு? உலர்ந்த குருணைத் தீனியை நனைத்தே போடுங்கள், அதுவும் ஒரு வேளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ஒதுங்கிக் கிடப்பது, துடுப்புகளை மடக்கி வைத்திருப்பது, நிறம் மங்குவது எல்லாம் மன அழுத்தத்தையும் காட்டலாம். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர். அம்மோனியா துளியும் இருக்கக் கூடாது. வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். கால் பங்கு நீரை மாற்றுங்கள். புது நீர் குளோரின் நீக்கியதாக, அதே வெப்பத்தில் இருக்கட்டும். வடிகட்டியின் நீரோட்டத்தையும் குறையுங்கள்: நீண்ட துடுப்புள்ள மீன் அதை எதிர்த்தே களைத்துவிடும்.