இரண்டே நாளில் பேங்காக்: சுங்கை சிப்புட் தம்பதிகளின் கேள்விகளுக்கு ஒரு டீச்சரின் பதில்கள்

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து வார இறுதிக்குப் பேங்காக் போய்வரும் தம்பதிகள் பெருகிவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவரோடு பதினெட்டு முறை அந்த நகரத்துக்குப் போய்வந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி, ஞாயிறு இரவு வீடு திரும்ப முடியுமா டீச்சர்? ரயில் நல்லதா, விமானமா?

ரயில் எனக்குப் பிடித்த பயணம். ஆனால் இரண்டு நாளுக்குள் அடங்காது. இங்கே இடிஎஸ் மின்ரயில் ஏறி எல்லையிலுள்ள பாடாங் பெசார் போக வேண்டும். அங்கிருந்து தாய்லாந்து வண்டி நம் நேரப்படி மாலை ஆறு மணியளவில் கிளம்பி, மறுநாள் காலை பத்து மணிவாக்கில்தான் பேங்காக் சேரும். திரும்பி வரவும் ஓர் இரவு ஆகும். வெள்ளியும் திங்களும் விடுப்பு கிடைத்தால் தாராளமாக ரயிலில் போங்கள்.

மற்றவர்கள் பினாங்குக்குப் போய் விமானம் ஏறுங்கள். அவர்களுடைய கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது ஒரு மணி நேரம் மிச்சம், திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் போய்விடும். இதை மறந்து ஞாயிறு இரவு கடைசி விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் திங்கட்கிழமை காலை தூக்கக் கண்களோடு வேலைக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடப்பிதழ் முடிய நான்கு மாதம் இருக்கிறது. போதுமா?

போதாது. ஆறு மாதம் இல்லையென்றால் விமானத்திலேயே ஏற்ற மறுக்கலாம். முதலில் புதுப்பியுங்கள்.

இன்னொன்றையும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைய இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது போலி.

முதல் நாள் எங்கே தொடங்குவது?

அரண்மனையில். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள். எட்டேகாலுக்கு வாசலில் நில்லுங்கள். கட்டணம் ஆளுக்கு 500 பாட். கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டார்கள்.

எல்லோரும் உள்ளே கோயிலில் இருக்கும் மரகதப் புத்தரைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபச் சுவரில் இராமாயணம் முழுவதும் 178 ஓவியங்களாக விரிந்திருக்கிறது. அவர்களுக்கு அது இராமகியன். வெள்ளை அனுமன் வாய்பிளந்து இராமனின் கூடாரத்தை மறைப்பதைத் தேடிப் பாருங்கள். நம் அனுமன் பிரம்மச்சாரி. அவர்களுடைய அனுமன் கடற்கன்னியைக் காதலிக்கிறான். நானும் என் கணவரும் ஒருமுறை அந்தச் சுவரின் முன்னே ஒன்றரை மணி நேரம் நின்றோம், யார் எந்தப் பாத்திரம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு.

பிறகு நடந்தே வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தர். அவர் முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டபடி நடக்க வேண்டும். கூடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கி அந்தக் ‘டிங் டிங்’ மட்டும் கேட்கும் நிமிடம் வரும். அதற்காகக் காத்திருங்கள். ஆற்றின் எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். படகில் ஐந்து நிமிடம்.

“இன்று அரண்மனை மூடியிருக்கிறது” என்று சொன்னால் என்ன செய்வது? என் நண்பருக்கு இப்படி நடந்தது.

எனக்கும் நடந்தது. முதல் பயணத்தில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையும் அணிந்த ஒருவர் சாலையோரம் நிறுத்தி, பூசை நடக்கிறது, பிற்பகல்தான் திறப்பார்கள், அதுவரை டுக்டுக்கில் சுற்றிவாருங்கள் என்று பணிவாகச் சொன்னார். அந்த டுக்டுக் எங்களை ஒரு நீலக்கல் கடையில் இறக்கியது. வீட்டுக்கு வந்து கல்லை ஈப்போவில் காட்டியபோது கண்ணாடி என்றார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருப்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அரண்மனை மூடியிருக்கிறதா என்பதை அரண்மனை வாசலில் மட்டும் கேளுங்கள்.

பேங்காக்கில் நம் கோயில் இருக்கிறதா?

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில். தமிழர்கள் 1879-இல் எழுப்பியது. தாய்லாந்து மக்கள் வாட் கேக் என்பார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

ஆனால் நான் உங்களை அனுப்ப விரும்பும் இடம் வேறு. நகர மண்டபத்துக்கு எதிரே வானத்தைத் தொடுவதுபோல் ஒரு சிவப்பு ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற வெள்ளைக் கோயில், 1784-இல் முதலாம் ராமர் என்ற மன்னர் காலத்தில் கட்டியது. சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் தனித்தனி மண்டபங்கள். இங்குள்ள அரசவைப் பிராமணர்கள் நடத்திவந்த விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவைதான். சிவன் பூமிக்கு இறங்கிவரும் நாட்களில் இளைஞர்கள் அந்த ஊஞ்சலில் உயர ஆடி, மூங்கிலில் கட்டிய பொன்முடிப்பைப் பற்றுவார்கள். ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது. கோயிலுக்குள் நடக்கும் பூசை நிற்கவில்லை.

மார்கழியில் தோட்டத்துக் கோயிலில், பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் நேரம்) முன்னால், பனியில் நடுங்கிக்கொண்டு திருவெம்பாவை பாடிய பிள்ளைகள் நாம். அதே பாட்டு ஓர் அரசனின் தலைநகரத்தில் உச்சரிப்பு தேய்ந்து, பொருள் மறந்து, இத்தனை நூற்றாண்டு உயிரோடு இருந்திருக்கிறது. அந்தக் கம்பத்தின் அடியில் முதன்முறை நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சனி மாலை போங்கள்.

சைவச் சாப்பாடு?

‘ஜே’ என்று கேளுங்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள். மற்ற கடைகளில் காய்கறி வறுவலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள்.

எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்?

உங்கள் கையைப் பொறுத்தது. அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200 பாட், இது ஆளுக்கு. பல கடைகளில் நம் வங்கிச் செயலியிலேயே கியூஆர் மூலம் கட்டலாம். அங்கே ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

எங்களுக்கு முதல் திருமண நாள் வருகிறது. மாமனார், “அவ்வளவு தூரம் போகிறீர்கள், காஞ்சனாபுரிக்கும் போய்வாருங்கள்” என்கிறார். வீட்டுக்காரர், அங்கே கல்லறையைத் தவிர என்ன இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

மாமனார் சொல்வது சரி, மகளே.

1942-இலும் 43-இலும் ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, காஞ்சனாபுரி வழியே பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டான். போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி ஏற்றினார்கள். என் தாத்தாவின் தம்பியும் அப்படித்தான் ஏறினார். 43-இல் மழையோடு காலரா வந்தது. எங்கள் வீட்டில் அவருக்குத் திவசம் கொடுக்க நாள் தெரியாது. ஆடி அமாவாசையில் சேர்த்துக் கொடுக்கிறோம்.

போகும் வழி: தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன் வண்டி, வெளிநாட்டவருக்கு 100 பாட். மூன்று மணி நேரத்துக்குள் அந்த ரயில்பாதையின் குவாய் ஆற்றுப் பாலம். சனிக்கிழமை போங்கள், ஞாயிறு போனால் வண்டி தாமதமாகி விமானம் தவறும். அப்படியானால் அரண்மனையையும் ஊஞ்சலையும் ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டீச்சர், சந்தோஷமாகப் போகிற பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கு அனுப்புகிறீர்களே! கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அங்கே கால்வைக்கலாமா?

சாத்திரத்தை நான் மதிக்கிறேன், அண்ணே. கல்லறைக்குள் போகத் தேவையே இல்லை. அங்கே புல் வெட்டிய வரிசைகளில் போர்க் கைதிகள் ஏழாயிரம் பேர் அளவில் அடக்கமாகியிருக்கிறார்கள்; கல்லறைகளில் வெண்கலத் தகடு, பல தகடுகளில் பெயர், படைப்பிரிவு, வயது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவர்களுக்கும் நான் கும்பிடுவதுண்டு. நம்மவர் பெயர் ஒன்றுகூட அங்கே கிடையாது. பக்கத்தில் வாட் தாவோர்ன் என்ற பௌத்தக் கோயிலில்தான் தமிழர்களுக்கு நடுகல் எழுந்திருக்கிறது. அது கோயில். கோயிலுக்குப் போகத் தீட்டு ஏது?

நான் டீச்சர் பக்கம். என் தாத்தா உயிரோடு திரும்பியவர். முழங்காலுக்குக் கீழே கரண்டியால் தோண்டியதுபோல் பள்ளம் இருக்கும். கேட்டால் “சயாம்” என்று ஒரே சொல்தான் சொல்வார்.

நன்றி, தம்பி. அந்தப் பள்ளம் ஆறாத புண்ணைச் சுரண்டி எடுத்த தழும்பு. உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

பாலத்தில் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், சுற்றிலும் துணிக்கடை. நான் போய் மனம் வெறுத்துத் திரும்பினேன். அதை ஏன் புனிதமாகப் பேச வேண்டும்?

நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அந்தச் சந்தையைத் தாண்டி நடந்தீர்களா? பாலத்தின் இரும்பு வளைவுகளுக்கு நடுவே இரண்டு மட்டும் வளைவில்லாமல் நேர்க்கோடாக இருக்கும். குண்டு விழுந்து, போருக்குப் பிறகு மாற்றியவை. வளைந்தவை அந்தக் காலத்து இரும்பு. அதில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெயிலில் சுடும். பிறகு கல்லறைக்கு எதிரேயுள்ள ரயில்பாதை அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கூட்டம் சிரிக்கிறது என்பதற்காக நாம் போகாமல் இருந்தால், அந்த இடம் கூட்டத்துக்கே சொந்தமாகிவிடும்.

அரண்மனைக்கு டுக்டுக்கில் போகலாமா?

மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். ஆற்றுப் படகில் போங்கள்.

வாரச் சந்தை பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

சத்துசக். சனி, ஞாயிறு. மோ சிட் நிலையத்தில் இறங்குங்கள்.

ஹாட்யாய்க்கும் இதே விதிகளா?

வருகை அட்டையும் கடப்பிதழும் அதேதான். மற்றவற்றை அடிக்கடி போகும் வேன்காரர்களிடம் கேளுங்கள்.

எவ்வளவு பணம் ஆகும் டீச்சர்?

இதற்கும் பதில் மேலே இருக்கிறது.

முதல் திருமண நாள் கேள்வி கேட்டவள்தான். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் போனவராம். மாமனார் நேற்றிரவுதான் சொன்னார். பெயர் மட்டும் தெரிகிறது, எந்த முகாம் என்று தெரியாது. நடுகல்லில் என்ன வைக்கலாம்?

பெயர் தெரிகிறதே, அதுவே பெரிது. ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துப்போங்கள். கோயில் வாசல்களில் மல்லிகை மாலை விற்பார்கள், மணிக்கட்டளவுதான் இருக்கும், இரண்டு வாங்குங்கள். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தப் பெயரை வீட்டுக்காரர் வாய்விட்டு ஒரு முறை படிக்கட்டும்.