ஊரில் 7 சதவீதம், இங்கே 2: பணத்தை எங்கே வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சேமிப்பு 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. இங்கே வைப்புத்தொகைக்கு 2 சதவீதம் கிடைத்தாலே பெரிது, ஊரில் என்.ஆர்.இ டெபாசிட்டுக்கு (வெளிநாடுவாழ் இந்தியர்கள் ரூபாயில் போடும் வைப்புத்தொகை) 7 சதவீதம் என்கிறார்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிடலாமா? இங்கேயே கடன் வாங்கி அங்கே போட்டாலும் லாபம்தான் என்கிறார் அறையில் இருக்கும் அண்ணன்.

பதில்: அந்தப் பணத்தை நீங்கள் ரூபாயில் செலவழிக்கப் போகிறீர்களா, வெள்ளியிலா? உங்கள் கடிதத்தில் இது இல்லை. பதில் முழுக்க இதை வைத்துத்தான்.

ஊரில் மனை, தங்கையின் கல்யாணம் என்றால் பணம் எப்படியும் ரூபாயாகத்தான் மாறும். என்.ஆர்.இ-யில் போடுங்கள், வெளிநாட்டில் வசிக்கும் வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே பணத்தை வெள்ளியாகத் திரும்ப எடுத்து இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்கு முன்பணம் கட்டுவது திட்டம் என்றால், 7 சதவீதம் என்ற எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 வெள்ளி அனுப்பினால் 7,00,000 ரூபாய். ஒரு வருடத்தில் 7,49,000. இங்கேயே வைத்திருந்தால் 10,200 வெள்ளி. இரண்டும் சமமாகும் இடம், வெள்ளி சுமார் 73 ரூபாய் 43 காசு. அதற்கு மேல் ஏறினால் ஊருக்கு அனுப்பியவருக்குத்தான் நஷ்டம். போகும்போதும் வரும்போதும் வங்கி மாற்று விலையில் பிடிப்பது தனி.

அப்படி ஏறுமா என்றால், ஏறியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் சுமார் 63 ரூபாயாக இருந்த வெள்ளி, வருட முடிவில் 70-ஐ ஒட்டி வந்துவிட்டது. அந்த ஜனவரியில் 10,000 வெள்ளி அனுப்பி 7 சதவீத வட்டியோடு டிசம்பரில் திருப்பிக் கொண்டுவந்தவர் கையில் ஏறக்குறைய 9,630 வெள்ளிதான் இருந்திருக்கும். அதற்காக எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 2014 தொடக்கத்தில் 49 ரூபாய் சுமாருக்கு இருந்த வெள்ளி, 63-ஐத் தொடப் பத்து வருடம் எடுத்துக்கொண்டது. வருடத்துக்குச் சராசரி இரண்டரை சதவீதம். பொறுமையாக வைத்திருந்தவர்கள் வெள்ளிக் கணக்கிலும் லாபம்தான் பார்த்தார்கள்.

இங்கே வட்டி குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான நாடுகளின் மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றி இறக்கி விலைவாசியைப் பிடிக்கும். இங்கே மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வெள்ளியின் மதிப்பை வைத்தே அதைச் செய்கிறது. பெரும்பாலும் மெல்ல மெல்ல ஏற விடுகிறது. ஏறும் என்று எதிர்பார்க்கப்படும் நாணயத்துக்கு யாரும் அதிக வட்டி கேட்பதில்லை. இறங்கக்கூடிய நாணயத்தை வைத்திருக்கச் சொன்னால் கூடுதலாகக் கேட்பார்கள். உங்கள் 7 சதவீதத்தில் ஒரு பகுதி அந்தக் கூலிதான். ஒரு வருடம் கழித்து மாற்றுவதற்கு இன்றே விலையைப் பேசி முடிக்கலாமே என்று வங்கியிடம் கேட்டுப் பாருங்கள். வட்டி வித்தியாசத்தின் பெரும்பகுதியை அந்த விலையிலேயே கழித்திருப்பார்கள்.

சரி, கடன் யோசனை. வேண்டாம். விளம்பரத்தில் வரும் 3 சதவீதம் பெரும்பாலும் முழு அசலுக்கும் கடைசிவரை போடும் வட்டி. மாதாமாதம் அசல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போதாக்குறைக்குத் தவணை வெள்ளியில், சொத்து ரூபாயில். அண்ணன் சொல்லும் இதே வியாபாரத்தைப் பெரிய முதலீட்டாளர்கள் ஜப்பானிய யென்னில் வருடக்கணக்காகச் செய்தார்கள். 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. யென் விறுவிறுவென ஏற, கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கால் சதவீத வட்டிக்கே அந்தப் பாடு.

எதில் செலவழிப்பேன் என்று இன்னும் முடிவாகவில்லையென்றால் எஃப்.சி.என்.ஆர் டெபாசிட்டைப் பற்றிக் கேளுங்கள். இந்திய வங்கியில்தான், ஆனால் வெளிநாட்டு நாணயத்திலேயே இருக்கும். வெள்ளியில் எடுக்கும் வங்கிகள் குறைவு. அமெரிக்க டாலரில் போட்டால் ரூபாய் பற்றிய கவலை போகும், டாலருக்கும் வெள்ளிக்கும் இடையிலான கவலை வரும். அப்புறம் ஒன்று: என்.ஆர்.இ-யோ இதுவோ, ஒரு வருடம் முடியும் முன் உடைத்தால் வட்டியே கிடையாது. அவசரத்துக்கு வேண்டிய ஆறு மாதச் செலவை இங்கேயே வைத்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.