இறக்கை உரசியதற்கு என் மகன் மட்டும்தான் பொறுப்பா?

கேள்வி: பந்திங் அருகே தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என் மகன் விமான நிலையத்தில் தரைப்பணி நிறுவனமொன்றில் இருக்கிறான். ஒரு மழை இரவில், நிறுத்துமிடத்துக்குள் ஊர்ந்து வந்த விமானத்தின் இடது இறக்கை முனை படிக்கட்டு வண்டியில் உரசிவிட்டது. இறக்கை முனைகள் எதிலும் படாமல் பார்த்துக்கொள்ள, பக்கத்துக்கு ஒருவராக இருவர் நிற்க வேண்டிய இடத்தில் அன்று இவன் மட்டும், அதுவும் வலப்பக்கம். ஒரு மாதமாகச் சம்பளமில்லாமல் இடைநீக்கம். "என் கவனக்குறைவு" என்று கையெழுத்துப் போட்டால், மாதாமாதம் பிடித்து 18,000 ரிங்கிட்டைக் கழித்துக்கொண்டு வேலை தருகிறார்களாம். போடலாமா?

பதில்: போட வேண்டாம் ஐயா. போட்டுவிட்டால், பிறகு எதைச் சொன்னாலும் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார்கள்.

சம்பள விஷயம் சுலபம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, விசாரணைக்கான இடைநீக்கம் இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. அந்த நாள்களுக்கும் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றமில்லை என்றால் மீதிப் பாதியையும் தர வேண்டும். எதையெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 24-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. விமானச் சேதம் அதில் இல்லை. இரண்டுக்கும் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

நிறுவனம் சிவில் வழக்குப் போட முடியுமா? முடியும். இங்கிலாந்தில் லோரியைப் பின்னால் எடுத்த ஓட்டுநர் ஒருவர், கூட வேலை செய்த தன் அப்பாவையே இடித்துவிட்டார். அப்பாவுக்குக் கொடுத்த நட்டஈட்டை மகனிடம் வசூலிக்கலாம் என்று 1957-இல் தீர்ப்பானது. எனக்குப் பிடிக்காத தீர்ப்பு. ஆனால் வழக்கென்று வந்தால் கவனக்குறைவை அவர்கள் நிரூபிக்க வேண்டும். அங்கேதான் உங்கள் மகன் பக்கம் பலம் இருக்கிறது.

போயிங் 777 போன்ற பெரிய விமானங்களில் விமானியின் இருக்கையிலிருந்து இறக்கை முனை தெரியாது. அதற்காகத்தான் கீழே ஆள் நிறுத்துகிறார்கள். வலப்பக்கம் நிற்பவன் இடது முனையை எப்படிக் காப்பான்? அன்று ஆளைக் குறைத்தது யார், படிக்கட்டு வண்டி கோட்டைத் தாண்டி நின்றதா, மகன் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தான், முன்னால் நின்று கைகாட்டியவர் எதை நம்பி வரச் சொன்னார் என்பதையெல்லாம் காரணம் கேட்கும் கடிதத்துக்கான பதிலில் எழுதச் சொல்லுங்கள். பணி அட்டவணை, கேமரா பதிவு இரண்டின் நகலையும் இப்போதே எழுத்தில் கேட்கட்டும்.

பழி ஒருவரோடு நிற்பதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2000 அக்டோபர் 31 அன்று தைப்பேயில், சூறாவளி மழைக்குள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மூடிக்கிடந்த ஓடுபாதைக்குத் திரும்பிப் புறப்பட்டது. 83 பேர் இறந்தார்கள். தைவான் விசாரணை விமானிகள் பக்கம் கை நீட்டியது. சிங்கப்பூர் தரப்போ, பாதையின் வாயிலில் ஒரு தடுப்புகூட இல்லையே என்றது. விமானிகள் தவறவிட்டார்கள், சரி. ஆனால் தவறவிட ஏதுவாக அந்த இடத்தை வைத்திருந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

விபத்து விசாரணையின் நோக்கம் தடுப்பதுதான், பழி சுமத்துவதல்ல என்று அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் 13-ஆவது இணைப்பே சொல்கிறது. அது உங்கள் மகனுடைய முதலாளி நடத்தும் உள் விசாரணையைக் கட்டுப்படுத்தாது. அதனால் அந்த வரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அப்புறம், மகனைத் தனியாக உட்கார வைத்து ஒன்று கேளுங்கள்: அந்த நேரம் கையில் போன் இருந்ததா? இருந்திருந்தால் நான் எழுதியதில் பாதி நிற்காது. அதைப் பதில் எழுதுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும்.

வேலையை விட்டே நீக்கினால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டை முதலாளி பரிசீலிக்கிறார் என்று காத்திருந்தாலும் அந்த நாள்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.